ஏழு அடி தூரம்

"வீட்டுல யானை மாதிரி ஒரு கம்ப்யூட்டர் மேஜையை அடைச்சுக்கிட்டு நிக்குது. அதுக்குத் தம்பியா இது எதுக்குடா?" என்றார் பௌஸ்தினோ. துணியின் தரம் பார்ப்பவரைப் போல அந்தச் சின்ன லேப்டாப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"அது அங்கேயே இருக்கட்டும்பா. இது கூடுதலா," என்றான் மகன் ரோலாந்தோ. "ஞாயித்துக்கிழமை மிலான்ல இருக்கிற அக்காகிட்ட படுத்துக்கிட்டே பேசலாம்ல?"

"நான் ஏன்டா படுத்துக்கிட்டுப் பேசணும்? ஜன்னலோரம் என் நாற்காலி இருக்கு. அதுல உக்காந்து பெரிய திரையில என் பொண்ணு முகத்தைப் பாப்பேன். அந்த இடத்தை விட்டு நான் எங்க போகப்போறேன்?"

ரோலாந்தோ கடைக்காரியைப் பார்த்தான். "இது என்ன விலைங்க?"

லிமாவில் வில்சன் சாலையின் கணினிக் கடைகளில் அது மிகச் சின்னது. உள்ளே ஒருவர் தும்மினால் இன்னொருவர் வெளியே போக வேண்டும். கடைக்காரி நெலிடா வறுத்த சோளத்தை மென்றுகொண்டிருந்தாள். முதல்முறை வந்தவரையும் அவள் 'கசேரோ' என்றுதான் அழைப்பாள். பத்து வருஷ வாடிக்கையாளர் என்று அர்த்தம்.

"உங்களுக்குன்னா ஆயிரத்து நூத்தம்பது சோல், கசேரோ."

பௌஸ்தினோவின் முதுகு நிமிர்ந்தது. கமார்ரா ஜவுளிச் சந்தையில் நாற்பது வருஷம் மீட்டர் கணக்கில் துணி கிழித்தவர். யாராவது விலை சொன்னால் பதில் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"இந்தத் தகர டப்பாவுக்கா? உள்ள பிஸ்கட்டாவது இருக்கா?"

"பிஸ்கட்டுக்குக் கீழ பேக்கரி இருக்கு பெரியவரே. இதுல எட்டு மணி நேரம் நிக்கிற பேட்டரி இருக்கு."

ரோலாந்தோ பேரத்தில் கலந்துகொள்ளவில்லை. அவனுடைய கேள்விகள் வேறு.

"ஹெட்போன் இருக்குங்களா? சத்தம் வெளிய கேக்கக் கூடாது."

"கேட்டா கேக்கட்டுமே? என் ரூம்ல நான் மட்டும்தானே?" என்றார் பௌஸ்தினோ.

"பக்கத்து ரூம்ல உங்க பேத்தி படிக்கிறாளேப்பா." பிறகு நெலிடாவிடம், "கட்டில் காலோட சேத்துப் பூட்டுற கம்பி இருக்குமே, அது?"

"நம்ம வீட்டுல யாருடா திருடுவா? உன் பொண்டாட்டியா?"

நெலிடா வாய் நிறையச் சோளத்தோடு சிரித்தாள். ரோலாந்தோ சிரிக்கவில்லை.

"மூடி மேல அப்பா பேரை அழியாத மையில எழுதிக் குடுப்பீங்களா?"

பௌஸ்தினோ மகனை ஒரு கணம் பார்த்தார். பேர் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.

"கட்டாதும்மா. வரோம்," என்று திரும்பி நடந்தார். இது அவர் தொழில். விலையைக் குறைக்க மனசுள்ளவர், போகிறவர் ஏழாவது அடி வைப்பதற்குள் கூப்பிட்டுவிடுவார். நாற்பது வருஷத்தில் இந்தக் கணக்கு தப்பியதில்லை.

ஐந்தாவது அடியில் குரல் வந்தது. "கசேரோ! ஆயிரத்து அம்பது!"

வந்தார். திரையில் கறை என்றார், பொத்தான் இறுக்கம் என்றார். மறுபடி நடந்தார். நாலே அடி.

"தொள்ளாயிரத்து எண்பது! ஹெட்போன், பூட்டு, பை மூணும் கொசுறு! எங்க வீட்டு அடுப்பை அணைச்சுட்டுத்தான் போவீங்க போலிருக்கு!"

"பாத்தியாடா?" என்று மகனின் தோளில் தட்டினார். முகத்தில் பழைய கமார்ரா வெளிச்சம்.

ரோலாந்தோ பணத்தை எடுத்தான். நெலிடா மூடியில் பேரை எழுதினாள். எழுத்து காய்வதையே பார்த்துக்கொண்டு நின்ற பௌஸ்தினோ திடீரென்று சொன்னார்:

"வேணாம்டா. நிஜமாவே வேணாம். எனக்கு அந்தப் பெரிசே போதும். வா, வீட்டுக்குப் போலாம்."

சொல்லிவிட்டு மூன்றாம் முறையாக நடந்தார். இந்த முறை மெதுவாக.

"இதுக்குக் கீழ எனக்குக் கட்டாது சாமி!" என்று நெலிடா கையை விரித்தாள். ரோலாந்தோ தலை நிமிரவில்லை. எண்ணிய நோட்டுகளையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தான்.

ஐந்து. ஆறு. ஏழு. எட்டாவது அடியில் பௌஸ்தினோ நின்றார். யாரும் கூப்பிடாமல் தானாகவே திரும்பி வந்தார்.

"சரி, கட்டும்மா."

நெலிடா உத்தரவாதச் சீட்டை எடுத்தாள். "விலாசம்?"

"நான் எழுதித் தரேன்," என்று ரோலாந்தோ அவசரமாகப் பேனாவுக்குக் கை நீட்டினான்.

"நான் சொல்றேம்மா, எழுதிக்கோ," என்றார் பௌஸ்தினோ. "சக்லகாயோ, முதியோர் இல்லம், ஒன்பதாம் நம்பர் கட்டில்."

ரோலாந்தோவின் கை அப்படியே நின்றது. "அப்பா..."

"விண்ணப்பத்தை என் கம்ப்யூட்டர்லயே அடிச்சுட்டு, மூடாம போயிட்டியேடா. பெரிய கம்ப்யூட்டருக்கு அங்க இடமில்லையாம். ஹெட்போன், பூட்டு, பொருள் மேல பேர், எல்லாம் கட்டாயமாம். படிச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"முதல் ரெண்டு தடவை விலைக்காக நடந்தேன். மூணாவது தடவை, நீ கூப்பிடுறியான்னு பாக்கத்தான்டா நடந்தேன்."