பெரிய மச்சான்

"லோகா, உள்ள போயி அந்தச் சனியனோட பெட்டரியக் கழட்டு. கதவச் சாத்திக் கொண்டியப் போடு. போடா!"

அம்மா நாகலெட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு காதோரம் சொன்னாள். முகத்தில் மட்டும் சிரிப்பு. அது பெண் பார்க்க வந்தவர்களுக்கு.

"இப்ப நான் எந்திரிச்சா எல்லாரும் அந்தப் பக்கந்தாம்மா பாப்பாங்க" என்று முணுமுணுத்தான் லோகநாதன்.

பலகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து சத்தம் நிற்காமல் வந்தது. கீங்... கீங்... டிக்டிக். கையில் வைத்துக் கட்டை அடுக்கி விளையாடும் பிரிக் கேம்.

"யாரு அது வெளாடுறது?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா காளியாயி.

"பக்கத்து காம்பராப் புள்ளைங்க மதினி. லயமில்லையா, எல்லா வீடும் ஒரே வரிசையில ஒட்டிக் கெடக்கு, அங்க தும்முனா இங்க கேக்கும்."

பச்சைப் பொய். விளையாடுவது லோகாவின் சொந்த அண்ணன் செல்லசாமி. மீசை வந்து பல வருசமாகியும் மனசு சின்னப் பிள்ளையாகவே நின்றுவிட்டது.

போன வருசம் கொத்மலையிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தவர்கள், அண்ணனைக் கண்டதும் "ரத்தத்துல ஓடுமோ" என்று கிசுகிசுத்துவிட்டு, தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அக்கா புஸ்பராணியைக் கேட்டு ஒரு ஆள் வரவில்லை. இவர்கள்தான் முதல். அதனால் வந்தவர்களைப் பொறுத்தவரை அண்ணன் இன்றைக்கு இந்த வீட்டிலேயே இல்லை. அவனை அடக்கி வைக்க லோகாவின் பிரிக் கேமை அம்மாதான் கொடுத்தாள். அதில் சத்தத்தை நிறுத்தும் பட்டன் எப்போதோ செத்துப்போனது அவளுக்குத் தெரியாது.

"மறைச்சுக் கட்டிக் குடுத்து, நாளைக்குத் தெரிஞ்சா அக்காவத்தானே பேசுவாங்க?" என்று காலையிலேயே கேட்டான் லோகா. "பத்தாம் வகுப்போட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட நாயிக்கு நியாயம் பேச மட்டும் வாயி" என்று வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அக்கா தேத்தண்ணித் தட்டோடு வந்தாள்.

"ஹே... ஹே... ஹே!"

உள்ளே ஒரு வரிசை நிரம்பியிருக்க வேண்டும். அண்ணனின் கட்டைக் குரல் சிரிப்பு.

காளியாயி நிமிர்ந்தாள். "புள்ளைங்கன்னு சொன்னீங்க? மீச மொளச்ச சத்தமால்ல இருக்கு?"

அக்கா தட்டோடு நடுவிலேயே நின்றுவிட்டாள். அம்மாவின் சிரிப்பு அப்படியே காய்ந்துபோனது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை யோகராஜ் கால்சட்டைப் பையிலிருந்து தன்னுடைய பிரிக் கேமை எடுத்து முடுக்கினான். தொடங்குகிற பாட்டு காம்பரா முழுக்கக் கத்தியது.

"டேய் யோகு! வட்டகொடையில ரயில் ஏறுனதுலருந்து அதத்தான் நோண்டுற. பொண்ணு வந்து நிக்குது, கண்ணு தெரியல?"

"இந்த ஒரு ஆட்டம்மா."

ஒன்று முடிந்தது. இன்னொன்று தொடங்கினான். காளியாயி மகனைத் திட்டுவதிலேயே மூச்சு வாங்கினாள்.

லோகாவுக்கு இந்த ஆளை வந்ததிலிருந்தே பிடிக்கவில்லை. கொழும்புக் கடையில் வேலையாம், தலையில் ஜெல்லாம். கால் கழுவுகிறேன் என்று லயத்துக்குப் பின்னால் பீலித் தண்ணிக்குப் போனவன் ஆடி அசைந்து வந்து சேர்ந்தான். இப்போது அக்காவை நிற்க வைத்துவிட்டு விளையாட்டு!

எட்டிப் பார்த்தான். த்தூ! கட்டையைத் திருப்பிப் போடக்கூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் நடுவிலேயே அடுக்கிச் செத்தான். மறுபடி தொடங்கினான். மறுபடியும் செத்தான்.

"அண்ணே, பொண்ணு பாக்க வந்தீங்களா, இதப் பழக வந்தீங்களா?"

அம்மா தொடையில் கிள்ளினாள். யோகராஜ் திரையைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது பலகைத் தடுப்பை.

உள்ளே கீங் நின்றது. யோகராஜின் விரலும் நின்றது. உள்ளே மறுபடி கீங். விரல் படபடத்தது. அண்ணன் சிரித்தான். உடனே இவன் பாட்டைப் போட்டு அந்தச் சிரிப்பை அமுக்கினான்.

லோகாவுக்கு அப்போதுதான் விளங்கியது. பீலிக்கு நேர் எதிரேதான் அண்ணன் இருக்கும் பின்பக்கத்து ஜன்னல்.

"அம்மா, எனக்குப் புடிச்சிருக்கு" என்றான் யோகராஜ். "அவங்களுக்கும் சம்மதம்னா வெத்தலத் தட்ட மாத்துங்க."

அக்கா தலையாட்டினாள். தட்டு மாறியது. பெரியவர்கள் நாள் பார்க்க ஆரம்பித்தார்கள்.

யோகராஜ் லோகாவின் பக்கமாக நகர்ந்து, தன் பிரிக் கேமின் முதுகைத் திறந்து பெட்டரிகளை அவன் கையில் கொட்டினான்.

"சின்ன மச்சான், பெரிய மச்சானோட பெட்டரி எறங்கிப் போச்சு. சத்தம் இழுக்குது, கேக்கல? இதப் போட்டுக் குடு."

"ஒங்கம்மா..."

"கத்துவாங்க. கத்தட்டும், நான் பாத்துக்கிறேன். நான் நடுவுல அடுக்கிச் செத்தத மட்டும் அவருகிட்ட சொல்லாத. அவரு என்னைய விட நல்லாத்தான் வெளாடுறாரு."

லோகா எழுந்தான். அம்மா கண்ணாலேயே கதவைக் காட்டினாள். கொண்டி, கொண்டி!

அம்மா சொன்னபடி பெட்டரியைக் கழட்டினான், புதுசு போடுவதற்காக. கொண்டியை மட்டும் போடவில்லை. கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.