போறேன், அத்தே

"போறேன், அத்தே."

குடையோடு தாணுமாலயன் படி இறங்க, உலகம்மை பின்னாலேயே வாசலுக்கு ஓடிவந்தாள்.

"அட எளவே! 'போயிட்டு வாறேன்'னு சொன்னா வாயில உள்ள முத்தா உதிர்ந்திரும்? திரும்பி வாங்க மாப்ளே! உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு ஒழுங்காச் சொல்லிட்டுப் போங்க!"

மாப்பிள்ளை சமர்த்தாகத் திரும்பி வந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார். "போறேன், அத்தே" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடிப்போனார்.

தலைப்பிரசவத்துக்கு மகளை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போக உலகம்மை கரமனையில் அவள் வீட்டுக்கு வந்து நாலு நாளாகிறது. நாலு நாளும் இதே கூத்துதான். தாயில்லாப் பிள்ளை, மாமியார் தொல்லை கிடையாது, செக்ரட்டேரியட்டில் குமாஸ்தா என்று நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தாள். வாய் இப்படி என்று தரகன் சொல்லவே இல்லையே!

அவளும் லேசில் விடவில்லை. ஒருநாள் குடையை ஒளித்துவைத்தாள். மனிதர் மழையில் நனைந்துகொண்டே 'போறேன்' என்றார். இன்னொரு நாள் வாசலை மறித்து நின்றாள். கொல்லைப்பக்கத்திலிருந்து 'போறேன்' கேட்டது.

"ஏட்டி சொர்ணம், நீயாவது கேக்கப்பிடாதா? வயித்துப்பிள்ளைக்காரி இருக்கிற வீட்டுல போறேன் போறேன்னா வெளங்குமா?"

சொர்ணம் சிரித்து மழுப்பினாள். உலகம்மைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"நாளைக்கு பஸ் ஸ்டாண்டுல 'போயிட்டு வா'ன்னு உன்னை அவரு வழியனுப்பணும். இல்லேன்னா பிள்ளை பெத்த பொறவும் உன்னை இங்க அனுப்பமாட்டேன். சத்தியம்!"

மறுநாள் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. தாணுமாலயன் வெளியே ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"நல்ல வார்த்தை சொல்லி அனுப்புங்க மாப்ளே!"

"போ, சொர்ணம்" என்றார் அவர்.

"போறேன்" என்றாள் அவள்.

"பாவி மகளே, நீயுமா!" உலகம்மை தலையிலடித்துக்கொண்டாள். "எனக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கா, இல்ல உங்க ரெண்டு பேருக்குமா?"

சொர்ணம் புருஷனைக் கண்ணால் காட்டி, அம்மாவின் காதோரம் குனிந்தாள்.

"அவ்வோ அம்மை 'போயிட்டு வாறேன் மக்கா'ன்னு சொல்லிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனாளாம். அதுவும் பிரசவத்துக்கு. ஆறு வயசுப் பிள்ளை மூணு நாளு வாசல்லயே நின்னுருக்கு. அதுலேருந்து 'வாறேன்'னு யாரு சொன்னாலும், அவங்க வரவே மாட்டாங்கன்னு அவ்வோளுக்கு ஒரு பயம்."

பஸ் நகர்ந்துவிட்டது. உலகம்மை சட்டென்று ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை வெளியே நீட்டினாள். "அம்மே, தல அகத்து!" என்று, தலையை உள்ளே இழுக்கச் சொல்லி, கண்டக்டர் மலையாளத்தில் அலற, உள்ளே இருந்தவர்களெல்லாம் 'சிவ சிவா' என்று கன்னத்தில் போட்டுக்கொள்ள, தம்பானூர் முழுக்கக் கேட்கும்படி கூவினாள்:

"மாப்ளே! போறோம்! உங்க பிள்ளையையும் சேத்து, மூணு பேரும் போறோம்!"