அதே ஆள்தான்

சோன்புரி நீதிமன்றத் தாழ்வாரத்தில், வக்கீல் விசித் இரண்டு தடவை "புசபா!" என்று கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பினாள்.

"ஜெயிச்சிட்டோம்மா! செத்தது உன் புருஷன்தான்னு ஜட்ஜே சொல்லிட்டார்."

கறுப்பு அங்கியைக் கழற்றி மடித்தார். சந்தோஷப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. ஆயுள் கூடும் என்று ஒரு பிக்கு சொன்னதைக் கேட்டுப் பெயரை மாற்றிக்கொண்டவன், அடுத்த மாதமே லாரியில் அடிபட்டுப் போய்ச்சேர்ந்தான். பாலிசியில் இருப்பது வேறு ஆள் என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. அவனை அவன்தான் என்று நிரூபிக்க மூன்று வருஷம்.

"இனி நீ கையெழுத்துப் போட்டாப் போதும், புசபா."

அவள் தயங்கினாள்.

"கேஸ் இழுத்துக்கிட்டே போச்சுங்களா... போன மாசம் அதே பிக்குகிட்டப் போனேன். அந்த ராசிதான் இன்னிக்கு ஜெயிச்சிருக்கு. இப்ப நான் புசபா இல்லீங்க, நப்பசோன்."

விசித் மடித்த அங்கியை மறுபடி பிரித்தார்.