சிவப்புக் குச்சிகள்

"பெத்த தகப்பன் கையிலே பிள்ளையைக் குடுக்க மாட்டேங்காளே, இவளும் ஒரு தாயா?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் மருந்துக் குப்பியோடு காத்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். சோதனை அறையில் கண்ணாடித் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த சாலோமியின் காதில் அது விழுந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

சுவரோடு சுவராக இன்பமணி. தோளில் கைக்குழந்தை. எதிரே, சேதி கேட்டு ஆழ்வார்குறிச்சியிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கிய மாமியார் பாக்கியவதி, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு. சற்றுத் தள்ளி, கோட்டும் தலைப்பாகையுமாக இன்பமணியின் புருஷன் நேசையா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்.

முந்தாநாள் இன்பமணி தனியாகத்தான் வந்திருந்தாள்.

"அக்கா, இருமலுக்கு இங்கன மீனெண்ணெய் சும்மா குடுக்காவளாமே."

"சயரோகம்னு தெரிஞ்சாத்தான் குடுப்பாவ, தாயி. அதுக்கு முதல்ல சளியைப் பாக்கணும்."

இன்பமணி முந்தானைக்குள்ளிருந்து, இலை போட்டு மூடிய சின்னக் கலயம் ஒன்றை எடுத்து நீட்டினாள். கேட்பதற்கு முன்பே கொண்டுவந்திருந்தாள்.

சாலோமி சளியைக் கண்ணாடியில் மெல்லிசாகத் தடவிக் காயவைத்தாள். சிவப்புச் சாயம் ஊற்றி, ஆவி எழும்பும்வரை விளக்கில் காட்டினாள். திராவகத்தில் அலசி, மேலே நீலச் சாயம் விட்டாள். மற்றதெல்லாம் நீலமாகிவிடும். சயரோகக் கிருமி மட்டும் திராவகத்துக்கும் மசியாமல் சிவப்பாகவே நிற்கும்.

டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். தேடவே வேண்டியிருக்கவில்லை. நீலத்துக்கு நடுவே சிவப்புக் குச்சிகள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன.

இன்று குடும்பத்தை வரவழைத்து எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது. இந்த நோய்க்கு மருந்து கிடையாது. காற்று, நல்ல சாப்பாடு, மீனெண்ணெய். இருக்கிற காலத்தைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான். தாய்ப்பாலை இன்றோடு நிறுத்த வேண்டும். பிள்ளை அவளிடம் இருக்கவே கூடாது.

"நீ திசையன்விளைக்கு உங்க அம்மை வீட்டுக்குப் போ. நான் இங்கன இருந்து பிள்ளையை வளக்கேன்," என்றாள் பாக்கியவதி.

"வளங்க மாமி. நான் வேண்டாம்னு சொல்லலை. ஆழ்வார்குறிச்சிக்குக் கொண்டுபோயி வளங்க."

"எதுக்கு? தகப்பன் இங்கன கல்லு மாதிரி இருக்கையிலே, பிள்ளை அங்கன அனாதையாட்டம் கிடக்கணுமோ?"

"ராத்திரி பிள்ளை அழும். அவிய தூக்கம் கெடும்."

"புருசன் தூக்கத்து மேலே இப்பந்தான் அக்கறை வந்திருக்கு. நோவு வந்தும் இவ ஆங்காரம் குறையலை. ஏலே நேசையா, நீ வாங்கு லே."

நேசையா ஓரடி எடுத்து வைத்தார். இன்பமணி குழந்தையை இறுக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"தானும் சாகுதா, பிள்ளையையும் சேத்துக் கொல்லுதா," என்றது வராந்தா.

டாக்டரம்மா வந்து அவளை உட்காரவைத்தார். குழலை நெஞ்சிலும் முதுகிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார்.

"ஆச்சரியமா இருக்கு. ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கே. சாலோமி, எதுக்கும் இன்னொரு தடவை சளியைப் பாத்துருவோம்."

சாலோமி ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். இன்பமணி இருமினாள். கண்ணில் நீர் முட்டும்வரை இருமினாள். கிண்ணத்தில் விழுந்தது வெறும் நுரை.

"இது எச்சில், தாயி. நெஞ்சுக்குள்ள இருந்து வரணும். முந்தாநாள் கொண்டாந்தது கட்டியா, மஞ்சளா இருந்துதே. ரத்தக் கீத்துகூட ஓடியிருந்தது. மேல ஒட்டியிருந்த சாம்பலை ஒதுக்கிட்டுல்லா தடவினேன்."

சாம்பல் என்றதும் நேசையா நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"இன்னைக்கு வரமாட்டேங்கு, அக்கா. முந்தாநாள் பாத்ததே இருக்கட்டும். அந்த மீனெண்ணெயை மட்டும் மறக்காமக் குடுத்துருங்க. வீட்டிலே வச்சுட்டுப் போறேன்."

"நீ போறது திசையன்விளைக்கு. எண்ணெய் இங்கன யாருக்கு?" என்றாள் பாக்கியவதி.

இன்பமணி குழந்தையின் சட்டையை இழுத்துவிட்டாள்.

டாக்டரம்மா எழுந்தார். "குழல் சிலநேரம் ஏமாத்தும். கண்ணாடியிலே நான் கண்ணாலே பாத்தாச்சு. வாத்தியார் ஐயா, உங்களுக்கு வராமப் போச்சேன்னு ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்க. இந்த நோவோட பள்ளிப் பிள்ளைகளுக்கு நடுவிலே நிக்க விடமாட்டாங்க. நானே மிஷன் மானேஜர்கிட்டே சொல்லியாகணும். வேலையும் போயிருக்கும், பள்ளிக்கூடத்து வீடும் போயிருக்கும். உம், பிள்ளையை வாங்கிக்கிடுங்க."

"பைய வாங்கு லே," என்றாள் பாக்கியவதி.

இன்பமணி புருஷனைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை லேசாக ஆட்டினாள்.

நேசையா பிள்ளையை வாங்கவில்லை. பெஞ்சின் மேல் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்று, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் இருமினார். சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார்.

கிண்ணத்தைச் சாலோமியின் ஜன்னல் விளிம்பில் வைத்தார்.

"முந்தாநாள் நீங்க பாத்தது இதுதான். வீட்டிலே நான் சாம்பல் சட்டியிலே துப்பி வச்சது."

பிறகு பிள்ளையின் பக்கம் வராமலே படியிறங்கி, முற்றத்து வெயிலில் தள்ளிப்போய் நின்றுகொண்டார்.