மூன்றாவது கோப்பை

முதல் வாய்த் தேநீரிலேயே வீப்கேக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாக்கடையில் கற்கண்டு போட்ட மாதிரி இருந்தது.

"உங்க சாணிக் குழி ஒழுகி, கிணத்துல கலக்குது ஐயா," என்றாள்.

"அது எங்கப்பா காலத்துக் குழி, டாக்டரம்மா. நாத்தம் என்னமோ இந்தக் கோடைலதான்," என்றபடி பண்ணைக்காரர் ஃபோல்கெர்ட் இரண்டாவது கோப்பையை நிரப்பினார்.

கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் வீட்டுக்காரரை அவமதித்த மாதிரி. போதுமென்றால் கரண்டியைக் கோப்பைக்குள் போட வேண்டும். மூன்றாவதற்கு முன்னால் அதைப் போட உள்ளூர்க்காரன் எவனுக்கும் கை வராது. வந்த நாளிலிருந்து தினமும் மூன்று கோப்பை விழுங்கியதை நினைக்கவே வீப்கேக்கு உடம்பு கூசியது.

நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, சூட்டை எப்படிச் சுமந்து போகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. மேய்ச்சல் நிலத்தில், தங்கியிருந்த கேரவன் பக்கத்தில், ஒரு பாழுங்கிணற்றை ஒட்டித் துளை போட்டு வெந்நீர் இறக்கியிருந்தாள். ஃபோல்கெர்ட்டின் வீட்டுக் கிணறு உட்படச் சுற்றிலும் எல்லாக் கிணற்றிலும் வெப்பமானி தொங்கியது.

சாணிக் குழி, கேரவனுக்கு நேர் எதிராக, வீட்டுக்கு மறுபக்கம். தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்று இன்று தெரிந்துவிட்டால், கிணற்றுக்குச் சீல் வைக்கச் சொல்லி அதிகாரிகளுக்கு எழுதிவிடுவாள். கிணறு போனால் மாடுகளும் போகும். கிழவருக்கும் அது தெரியும்.

"இந்த அசிங்கத்துல எப்படித்தான் குடும்பம் நடத்துறாங்களோ," என்று கூட வேலை பார்க்கும் ஹென்னிங்கின் காதைக் கடித்தாள்.

ஹென்னிங் இந்த ஊர்க்காரன்தான், ஆனால் சுத்தம் என்றால் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டும். காலையில் கேரவனின் கழிவு சேரும் கழிப்பறைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர்க்கோடிக் கழிவுத் தொட்டிக்குக் கிளம்புவான். அவள் பல் தேய்த்து முடிப்பதற்குள் காலிப் பெட்டியோடு திரும்பிவிடுவான்.

அவன் மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினான். வீட்டுக் கிணற்றின் வெப்பக் கோடு மேலே ஏறியிருந்தது.

வீப்கே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாள். "இது நம்ம வெந்நியா? அப்போ தண்ணி கேரவன் பக்கத்துலேருந்து இங்க வருதா?"

"அப்படின்னா எங்க குழி ஓட்டத்துக்குக் கீழ்ப்பக்கம்ல இருக்கு," என்றார் ஃபோல்கெர்ட். "மேல்பக்கம் உங்கள விட்டா யாரும்மா இருக்கா?"

அவர் தேநீர்ப் பாத்திரத்தைத் தூக்கி அவளுக்கு மூன்றாவது கோப்பையை ஊற்றினார். ஹென்னிங்கின் பக்கம் நகர்ந்தார்.

ஹென்னிங் இரண்டாவது கோப்பையிலேயே கரண்டியைப் போட்டுவிட்டு, முகம் வெளிறி உட்கார்ந்திருந்தான்.

"அவ்ளோ தூரம் யாரு நடக்கறதுன்னு, பெட்டிய அந்தப் பாழுங்கிணத்துலதான் கொட்டிக்கிட்டிருந்தேன் மேடம்."