சிவப்புடல் அழகிக்கு ஒரு சோதனை

“போலியைக் கண்டுபிடிக்கிற கண்ணு இந்த உலகத்துல மொத்தம் மூணு பேருக்குத்தான் இருக்கு மேடம். அதுல ரெண்டு பேர் போய்ச் சேர்ந்துட்டாங்க.”

அந்த இருவரோடும் தினமும் காபி குடித்தவர் மாதிரி, உச்சுக்கொட்டியபடி சொன்னார் அருங்காட்சியகக் காப்பாளர். தலைமையகத்திலிருந்து வந்திருந்த பெண் அதிகாரி தன் நோட்டில் தேதியை மட்டும் எழுதிக்கொண்டார்.

கதவருகே காப்பாளரின் மனைவி கைப்பையை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தாள். அதே அருங்காட்சியகத்தில் கீழ்த்தளத்தில் டிக்கெட் கிழிப்பவள் அவள். ‘ஐந்து நிமிடத்தில் வருகிறேன்’ என்று பலகை மாட்டிவிட்டு மேலே வந்து அரை மணி நேரமாகிறது.

அந்தப் பட்டாம்பூச்சி அறையில் நூற்று நாற்பது பூச்சிகள் இருந்தன. சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்: சிவப்புடல் அழகி. அது அசல் என்று அதிகாரி இன்று கையெழுத்துப் போட்டால் அறை பிழைக்கும். இல்லையென்றால் அறை பொம்மைக்கடை ஆகும். காப்பாளர் நிலவறைக்குப் போய், உடைந்த பானை ஓடுகளுக்கு நம்பர் ஒட்டியே ஓய்வு பெறுவார்.

“இது புழுவா இருக்கும்போதே விஷக்கொடியைத் தின்னு வளருது மேடம். அதனால பறவை கிட்ட வராது. அதைப் பார்த்துட்டு இன்னொரு இனத்துப் பொண்ணுங்க அதே டிசைன்ல இறக்கையை மாட்டிக்கிட்டு, எங்களுக்கும் விஷம் இருக்குன்னு ஊரை ஏமாத்திட்டுத் திரியுதுங்க. சட்டை அச்சு அசல் அதே சட்டை. ஆனா உடம்பு கறுப்பு. அங்கதான் மாட்டும்.”

“அந்தக் கறுப்பு உடம்புக்குச் சிலர் சாயம் பூசிடறாங்கன்னு எழுதியிருந்தீங்க.”

“பூசறாங்களே. போன மாசம் ஒரு ரிட்டையர்டு வாத்தியார் ஒண்ணைக் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பிரிட்ல நனைச்ச பஞ்சை வெச்சேன், பஞ்சு தக்காளி ஆயிடுச்சு. செத்த பூச்சிக்கு மேக்கப் போடறதெல்லாம் ஒரு பொழப்பா மேடம்?”

மனைவி தன் கால் நகங்களைப் பார்த்துக்கொண்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், கணவர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். ‘இது போனா நானும் போனேன்’ என்று அவர் மூன்று வேளையும் சொல்லும் பூச்சி அப்படி என்னதான் அழகு என்று, கண்ணாடி மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். தும்மல் வந்தது. பெரிய தும்மல். இறக்கை ஒரு பக்கம் போனது, உடம்பு பொடியானது. சாப்பாட்டு நேரத்தில் அவர் நடத்திய பாடமெல்லாம் அன்றைக்குத்தான் உதவியது. உபரி டிராயரிலிருந்து கறுப்பு உடம்புக்காரி ஒருத்தியை எடுத்து, கைப்பையிலிருந்த நெயில் பாலிஷைப் பூசி, அதே ஊசியில் குத்தி வைத்தாள். உலகத்தின் மூன்றாவது கண் அதைக் கவனிக்கவே இல்லை.

கவனிக்காததோடு நிற்காமல், சிவப்பு உடம்புகளையெல்லாம் ஸ்பிரிட் வைத்துச் சோதிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதிக்கொண்டே இருந்தது. தலைமையகமும் ஒருவழியாக ஒப்புக்கொண்டது. முதல் சோதனை அவர் அறையிலேயே.

“மேடம், டீ ஆறிடும்,” என்றாள் மனைவி.

“டீ வரவே இல்லையேம்மா.”

“வந்ததும் ஆறிடும்.”

காப்பாளர் மேஜையைத் துழாவினார். “ஸ்பிரிட் பாட்டிலைக் காணோமே.”

“அய்யய்யோ, அப்ப இன்னொரு நாள் வெச்சுக்கலாங்க,” என்றாள், பாட்டில் இருந்த கைப்பையை இடுப்போடு அணைத்துக்கொண்டு.

“கவலைப்படாதே. நான் எப்பவும் ஒண்ணு கைவசம் வெச்சிருப்பேன்.” கால்சட்டைப் பையிலிருந்து சின்ன பாட்டில் வந்தது. இன்னொரு பையிலிருந்து பஞ்சும் வந்தது.

“ஈரம் பட்டா உதிர்ந்துடப் போகுது, பாவம்.”

“இவளுக்கு இரக்க குணம் ஜாஸ்தி மேடம். நீங்க வைங்க.”

அதிகாரி குனிந்து பஞ்சை வைத்தார். ஒருமுறை தொட்டார். இரண்டாம் முறை அழுத்தினார். மூன்றாம் முறை தேய்த்தே விட்டார். மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பானை ஓடுகளும் நம்பர்களுமாகத் தெரிந்தன.

“வெள்ளை,” என்றார் அதிகாரி.

கண்ணைத் திறந்தாள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. அதிகாரி ‘அசல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். “உங்களை மாதிரி ஒருத்தர் ஒவ்வொரு ஊர்லயும் இருக்கணும் சார்.”

“கஷ்டம் மேடம். மூணு பேர்தான்.”

அதிகாரியின் செருப்புச் சத்தம் படியிறங்கி மறைந்ததும், மனைவி முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

“எனக்கு ஒண்ணும் புரியலைங்க. அது அசல் இல்லை. பதினோரு வருஷம் முன்னாடி நான்தான் தும்மி...”

“தெரியும்.” காப்பாளர் முத்திரைத் தாளை ஊதிக் காயவைத்தார். “ஜிகினா போட்ட நெயில் பாலிஷைப் பூசியிருக்கியே. மறுநாள் காலையில ஜன்னலைத் திறக்கறேன், பூச்சி என்னைப் பார்த்துக் கண்ணடிக்குது. அன்னிக்கே சுரண்டிட்டேன்.”

“அப்ப இந்தச் சிவப்பு?”

“பைக்குக்கு அடிக்கிற பெயிண்ட்டு. ஸ்பிரிட்டுக்கெல்லாம் மசியாது, பின்ன எதுக்கு ஸ்பிரிட் வெச்சுத்தான் சோதிக்கணும்னு ரெண்டு வருஷமா லெட்டர் போட்டேன்?” என்றவர், கதவைத் தாழிட்டு வந்து, மேஜைக்கு அடியிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்து, வயிற்றோரம் மங்கியிருந்த இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சொட்டு வைத்தார்.