பூட்டித்தான் இருக்கு

கேட்காமலே கிளம்பிவிடலாமா என்று கலாதேவி ஒரு கணம் நினைத்தாள்.

மகள் தன்யாவின் துணிப்பையைக் காரிலிருந்து இறக்கியாகிவிட்டது. அண்ணன் மகள் லோஷினி அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு பேரின் சிரிப்பும் அறைக்குள்ளிருந்து கேட்டது.

நாளைக் காலை ஈப்போ மருத்துவமனையில் கலாதேவிக்கு அறுவை சிகிச்சை. கணவன் சிங்கப்பூரில் வேலை செய்கிறான். ஐந்து வயது மகளை விட்டுச் செல்ல, தெலுக் இந்தானில் இருக்கும் அண்ணன் வீட்டை விட்டால் வேறு இடமில்லை.

அண்ணன் விக்னேஸ்வரனுக்கு வீட்டுக்குப் பின்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் இருந்தது. இளங்கன்றுகளைக் காட்டுப்பன்றிகள் தோண்டிப் போட்டதால், லைசென்ஸ் எடுத்துத் துப்பாக்கி வாங்கியிருந்தான்.

அந்தத் துப்பாக்கி இந்த வீட்டில்தான் இருந்தது.

"அண்ணே, கோவிச்சிக்காத. அந்தத் துப்பாக்கிய எங்க வச்சிருக்க?"

விக்னேஸ்வரனின் முகம் சட்டென்று மாறியது. அப்புறம் சிரித்தான்.

"என்ன கலா, போலீஸ்காரி மாதிரி கேக்குற? பூட்டித்தான் இருக்கு. என் வீட்லயும் ஒரு புள்ள இருக்குலா."

அதோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"ஒரு தடவ காட்டுண்ணே. பாத்துட்டா நிம்மதியா போவேன்."

அவன் பெருமூச்சு விட்டபடி எழுந்தான். சாமி மேடையில் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்தான். நடையின் கடைசியில் நின்ற இரும்பு அலமாரியைத் திறந்தான். மேல்தட்டில் தோட்டாப் பெட்டி. கீழே, மூலையில் சாய்ந்தபடி துப்பாக்கி.

"பாத்துக்கோ. காலி. தோட்டத்துல இருந்து வந்ததும் தோட்டாவ எடுத்துட்டுதான் உள்ள வைப்பேன்."

அதை நிரூபிப்பதற்காகவே துப்பாக்கியைக் கூரையை நோக்கித் தூக்கி, விசையில் விரலை வைத்தான்.

"வேணாம்! மொதல்ல தொறந்து காட்டு."

அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. விக்னேஸ்வரன் தலையை ஆட்டிச் சிரித்துக்கொண்டே துப்பாக்கியை நடுவில் மடக்கினான்.

சிரிப்பு நின்றது.

குழலுக்குள் பித்தளை வட்டம் ஒன்று மினுங்கியது.

நகத்தால் நெம்பி அதை வெளியே எடுத்தான். சிவப்புத் தோட்டா. புதியது. உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் பார்த்தான்.

"நான் வைக்கல," என்றான். "சத்தியமா நான் வைக்கல கலா."

அவன் மனைவி அந்த அலமாரிப் பக்கமே வரமாட்டாள். பயம். வீட்டில் வேறு யார்?

பிள்ளைகளின் சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. கலாதேவி திரும்பிப் பார்த்தாள். நடையின் அந்தக் கோடியில் லோஷினி நின்றிருந்தாள். எட்டு வயது. தன்யா அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

லோஷினியின் கண்கள் தகப்பனின் உள்ளங்கையில் இருந்தன.

விக்னேஸ்வரன் கத்தப்போகிறான் என்று கலாதேவி நினைத்தாள். அவன் கத்தவில்லை. துப்பாக்கியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மகள் முன்னால் மண்டியிட்டான்.

"அப்பா அடிக்க மாட்டேன்மா. நீயா வச்ச?"

அவள் ஆமென்று தலையாட்டினாள்.

"திருடன் வந்தான்ப்பா. சனிக்கிழம, மழ பேஞ்சப்ப. அம்மா குளிச்சிக்கிட்டு இருந்தாங்க. பின்கதவப் புடிச்சி ஆட்டிக்கிட்டே இருந்தான்."

"அதுக்கு?"

"சாமி படத்துக்குப் பின்னால சாவிய எடுத்து, நீங்க போடற மாதிரியே தோட்டாவப் போட்டேன். கதவுக்கு நேரா புடிச்சிக்கிட்டு நின்னேன். தொறந்தா சுடலாம்னு." அவள் முகத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "ரொம்ப கனம்ப்பா. கை வலிச்சிச்சி. அப்புறம் அவன் போய்ட்டான். மறுபடி வந்தா வேணும்ல, அதான் எடுக்காம வச்சிட்டேன். அம்மாகிட்ட சொன்னா பயப்படுவாங்க."

விக்னேஸ்வரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடுகள் வெளுத்துப்போயிருந்தன. மகளின் தலையில் கையை வைத்தான். எடுக்க மறந்தவன்போல் அப்படியே வைத்திருந்தான்.

"தன்யாவக் கூட்டிக்கிட்டு முன்னால போய் வெளயாடும்மா," என்றான் கடைசியில்.

பிள்ளைகள் போனார்கள். அவன் சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தான்.

கலாதேவி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளிடம் எவ்வளவோ இருந்தது. திட்ட வேண்டும், கேட்க வேண்டும், மகளைத் தூக்கிக்கொண்டு இப்போதே ஓட வேண்டும்.

"இப்பவே கொண்டுபோய் போலீஸ் ஸ்டேசன்ல ஒப்படைச்சிரலாம்," என்றான். "நீயும் கூட வா. தனியா வண்டி ஓட்ட முடியாது என்னால."

"வாரேன். ஆனா அந்தத் திருடனப் பத்தியும் சொல்லிரணும்ணே. மறுபடி வந்தான்னா?"

அவன் இல்லை என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினான்.

"அன்னிக்கு முன்கதவு உள்தாழ் போட்டிருந்துச்சி. மழ. கூப்பிட்டது யாருக்கும் கேக்கல. நான்தான் சுத்திப் போய் பின்கதவ ஆட்டுனேன். ஒடச்சிட்டு உள்ள போயிரலாமான்னுகூட நெனச்சேன், கலா."